எழுத்தும் ஒலியும்: போலிஷ் மொழியை வாசிக்கக் கற்றல்

மாணவர்களே! போலந்து நாட்டின் தென்கிழக்கே ஒரு சிறு நகரம் உள்ளது. அதன் பெயரை எழுதப் பதின்மூன்று இலத்தீன் எழுத்துகள் வேண்டும். எஸ், இஸட், சி, இஸட் எனத் தொடங்கி உயிரெழுத்து ஒன்றைச் சந்திப்பதற்குள் நான்கு மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கும். முதன்முறை காண்பவர் திகைத்துப் போவது இயல்பே. ஆனால் அப்பெயரைப் போலந்துக் குழந்தை ஒன்று மூன்றே அசைகளில், ‘ஷ்ட்ஷெ–ப்ஃஷெ–ஷின்’ என்று எளிதாகச் சொல்லிவிடும். எழுத்துகள் பதின்மூன்று; ஒலிகளோ ஒன்பதே.

போலிஷ் மொழியைப் பேசுவோர் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர். அம்மொழியின் எழுத்துமுறை பார்வைக்குக் கடினமாகத் தோன்றினும் ஒழுங்கு மிக்கது. சில விதிகளை அறிந்தவர், பொருள் தெரியாத சொல்லையும் பெரும்பாலும் சரியாக வாசித்துவிடலாம். அவ்விதிகளுள் பலவற்றை நம் தமிழ் இலக்கணம் நமக்கு முன்னரே கற்றுத் தந்திருக்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஒரு குறிப்பு

தமிழில் இல்லாத சில ஒலிகளைக் காட்ட, ‘ஃப’ என்று எழுதும் பழக்கத்தை ஒட்டி, இப்பாடத்தில் இரண்டு குறியீடுகளைக் கையாள்கிறோம். ‘ஸ’ ஒலியைத் தொண்டை அதிரச் சொன்னால் கிடைப்பது ‘ஃஸ’. ‘ஷ’ ஒலியைத் தொண்டை அதிரச் சொன்னால் கிடைப்பது ‘ஃஷ’. குரல்வளையின் மேல் விரலை வைத்து இவ்விரண்டையும் ஒலித்துப் பாருங்கள். அதிர்வு விரலுக்குத் தெரியும்.

பிறர் எழுத்தில் தன் ஒலி

போலந்து 966-ஆம் ஆண்டில் கிறித்தவ சமயத்தை ஏற்றது. சமயத்தோடு இலத்தீன் மொழியும், இலத்தீன் எழுத்தும் அங்கு வந்தன. ஆனால் இலத்தீன் எழுத்துகள் உரோமானியரின் ஒலிகளுக்காக அமைந்தவை. போலிஷ் மொழியிலோ ஷ, ச வகை ஒலிகள் பல. மூக்கொலி பெற்ற உயிர்களும் உண்டு. உள்ள எழுத்துகள் போதவில்லை.

போலிஷ் மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய வாக்கியமாகக் கருதப்படுவது, 1270-ஆம் ஆண்டளவில் ஒரு துறவியர் மடத்து ஏட்டில் இடம்பெற்றுள்ளது. திரிகை சுற்றும் மனைவியை ஓய்வெடுக்கச் சொல்லி, அப்பணியைத் தான் ஏற்க முன்வரும் கணவனின் பேச்சு அது. ஏட்டின் மற்ற பகுதியெல்லாம் இலத்தீன். அந்த ஒரு வாக்கியத்தை எழுதியவர், பொருந்தாத எழுத்துகளைக் கொண்டே தம் காதில் விழுந்த ஒலியைப் பதிய முயன்றிருக்கிறார்.

பின்வந்த அறிஞர்கள் இக்குறையைத் தீர்க்க முற்பட்டனர். இரு வழிகள் நிலைபெற்றன. இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஓர் ஒலியைக் காட்டுவது ஒரு வழி. எழுத்தின் மேலோ கீழோ ஒரு சிறு குறியை இடுவது மற்றொரு வழி. இன்றைய போலிஷ் நெடுங்கணக்கில் 32 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 9 எழுத்துகள் குறி பெற்றவை. ஐந்து எழுத்துகள் தலைமேல் சாய்கோடு பெறும். இரண்டு எழுத்துகள் அடியில் வால் பெறும். ஒன்று மேலே புள்ளி பெறும். ஒன்று குறுக்குக் கோடு பெறும்.

சிறு குறியின் ஆற்றல் தமிழர்க்குப் புதிதன்று. ‘க’ மீது ஒரு புள்ளி வைத்தால் உயிர்மெய் மெய்யாகிவிடுகிறது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் தெளிவான வேறுபாட்டை அமைத்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவ்வேறுபாடு இல்லையேல் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் மயங்கும். போலிஷ் மொழியிலும் அவ்வாறே. ‘சத்’ என்றால் பழத்தோட்டம். அதன் உயிரெழுத்துக்கு வால் சேர்த்தால் ‘சொந்த்’ என்றாகி நீதிமன்றம் எனப் பொருள்படும். ‘கத்’ என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுவோன். வால் சேர்ந்து ‘கொந்த்’ என்றானால் வெறும் மூலை. ஆகவே, குறிகளை அணிகலன் என எண்ணி விட்டுவிடலாகாது.

தெரிந்த எழுத்து, வேறான ஒலி

ஆங்கிலம் கற்ற நமக்கு எழுத்துகளின் வடிவம் தெரியும். அதுவே முதல் இடர்ப்பாடு. ஆங்கில ஒலியை மறந்துவிட்டு, பின்வருவனவற்றை மனத்தில் இருத்துக.

1. டபிள்யூ என்னும் எழுத்து, கீழுதடு மேற்பல்லைத் தொட ஒலிக்கும் ‘வ’.

2. குறுக்குக் கோடு பெற்ற எல், இரு உதடுகளும் குவிய ஒலிக்கும் ‘வ’. தமிழில் இரண்டையும் ‘வ’ என்றே எழுத நேர்ந்தாலும் போலிஷ் மொழியில் அவை வெவ்வேறு ஒலிகள்.

3. ஜே என்பது ‘ய’. சி என்பது ‘த்ஸ’. ‘நொத்ஸ்’ என்றால் இரவு.

4. தலைமேல் சாய்கோடு பெற்ற ஓ, ‘உ’ என ஒலிக்கும்.

5. ஒய் என்பது ஓர் உயிரெழுத்து. உதடுகளைக் குவிக்காமல் நாக்கைச் சற்றுப் பின்னிழுத்துச் சொல்லும் இகரம் எனலாம். நம் குற்றியலுகரத்திலும் உதடு குவிவதில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இவ்வொலி வசப்படும். தமிழில் இதனை ‘இ’ என்றே எழுதிக்காட்டுகிறோம்.

6. டி என்னும் இரண்டு எழுத்துகளும் (ஒன்று வல்லொலி, மற்றது அதிர்வொலி) பல்லைத் தொட்டுப் பிறக்கும் ‘த’ வகையைச் சேர்ந்தவை. ஆங்கிலச் சொற்களை ஒலிக்கும் பழக்கத்தால் ‘ட’ எனச் சொல்லிவிட வேண்டா.

இவற்றோடு, போலிஷ் மொழியில் குறில் நெடில் வேறுபாடு இல்லை என்பதையும் கருத்திற் கொள்க. உயிர்களை எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். நாட்டின் தலைநகரை நாம் வார்சா என்கிறோம். அந்நாட்டவர் ‘வர்ஷவ’ என்று, நடு அசையை அழுத்திச் சொல்வர்.

இவ்விதிகளைக் கொண்டு ‘வுச்’ என்னும் பெருநகரின் பெயரைப் பாருங்கள். அதில் நான்கு எழுத்துகள்: குறுக்குக் கோடு பெற்ற எல், சாய்கோடு பெற்ற ஓ, டி, சாய்கோடு பெற்ற இஸட். ஆங்கில வழக்கில் படிப்பவர் ‘லோட்ஸ்’ என்பார். நான்கு எழுத்துகளில் ஒன்றேனும் அவர் எதிர்பார்த்தபடி ஒலிக்காது. அந்நகரப் பெயரின் பொருள் ‘படகு’ என்பதாகும்.

சேர்ந்து நிற்கும் எழுத்துகள்

எஸ் எழுத்தை அடுத்து இஸட் வந்தால் ‘ஷ’. சி எழுத்தை அடுத்து இஸட் வந்தால் ‘ட்ஷ’. ஆர் எழுத்தை அடுத்து இஸட் வந்தால் ‘ஃஷ’. புள்ளி பெற்ற இஸட்டும் அதே ‘ஃஷ’ தான். டி எழுத்தும் புள்ளி பெற்ற இஸட்டும் சேர்ந்தால் ‘ஜ’. சி எழுத்தை அடுத்து எச் வந்தால், தொண்டையை உரசி வரும் ‘ஹ’. இப்போது முதலில் கண்ட பதின்மூன்று எழுத்துப் பெயர் எவ்வாறு ஒன்பது ஒலிகளாயிற்று என்பது விளங்கும். நான்கு இடங்களில் இரண்டிரண்டு எழுத்துகள் சேர்ந்து ஓரொலி ஆயின.

இவ்வரிசைக்கு இணையாக மென்மையான வரிசை ஒன்றும் உண்டு. எஸ், சி, இஸட் ஆகியவற்றின் மேல் சாய்கோடு இட்டால், நடுநா மேலண்ணத்தை நோக்கி எழும் ஒலிகள் பிறக்கும். வடமொழியிலோ இந்தியிலோ நீங்கள் கற்கும் இரண்டு வகைச் ‘ஷ’கர எழுத்துகளை நினைவுகூர்க. ‘ஷட்கோணம்’ என்பதன் முதலெழுத்து ஒன்று. ‘ஶாந்தி’ என்பதன் முதலெழுத்து மற்றொன்று. நாவை மடித்துச் சொல்வது முதல் வகை; நாவைப் பரப்பிச் சொல்வது இரண்டாம் வகை. பேச்சில் இவ்வேறுபாடு நம்மிடையே மங்கிவிட்டது. போலந்தியர் இவற்றை இன்றும் பிரித்தே ஒலிக்கின்றனர்.

சாய்கோடு பெற்ற என், நம் ‘ஞ்’. பிறமொழியாளர் பலர் இவ்வொலியைப் பயின்று பெற வேண்டும். ‘ஞாயிறு’, ‘ஞானம்’ எனச் சொல்லும் நமக்கு அது இயல்பாகவே வரும். ‘இல்லை’ என்பதற்குப் போலிஷ் சொல் ‘ஞெ’. குதிரை என்பது ‘கொஞ்’. பகற்பொழுதில் ஒருவரைச் சந்தித்தால் ‘ஜெஞ் தொப்ரி’ என்று வணங்குவர். ‘நல்ல நாள்’ என்பது அதன் பொருள்.

போலிஷ் மொழியில் இன எழுத்து

வால் பெற்ற உயிரெழுத்துகள் இரண்டு. ஆங்கிலத்தில் ‘ஏ’ எனப்படும் எழுத்து வால் பெற்றால் மூக்கொலி கலந்த ‘ஒ’. ‘ஈ’ எனப்படும் எழுத்து வால் பெற்றால் மூக்கொலி கலந்த ‘எ’. இவற்றைக் கற்பதில்தான் தொடக்கநிலையினர் பெரிதும் இடர்ப்படுவர். தமிழ் கற்பவர்க்கோ இங்கு ஒரு நற்செய்தி உண்டு.

மெல்லெழுத்தும் அதற்கு இனமான வல்லெழுத்தும் சேர்ந்து வருவதை நாம் அறிவோம். க-வுக்கு ங், ச-வுக்கு ஞ், த-வுக்கு ந், ப-வுக்கு ம். போலிஷ் மொழியின் மூக்குயிர், தன்னை அடுத்து வரும் வல்லொலிக்கு இனமான மெல்லொலியாகத் தானே மாறிக்கொள்கிறது.

கை – ‘ரெங்க’ (ககரத்தின் முன் ங்)
ஐந்து – ‘பியெஞ்ச்’ (சகரத்தின் முன் ஞ்)
மூலை – ‘கொந்த்’ (தகரத்தின் முன் ந்)
பல் – ‘ஃஸொம்ப்’ (பகரத்தின் முன் ம்)

நான்கு சொற்களிலும் எழுதப்படுவது மூக்குயிர் மட்டுமே. மெல்லெழுத்து எதுவும் தனியே எழுதப்படுவதில்லை. அதை வாசிப்பவர் இனம் அறிந்து சேர்க்கிறார். இலக்கணம் வேறு, மொழிக்குடும்பம் வேறு. ஆயினும் மனித வாயின் அமைப்பு ஒன்றே. ஆகவே நாவும் உதடும் எளிய வழியைத் தேடும்போது இரு மொழிகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதில் ஒன்றை மட்டும் கவனிக்க. ‘தங்கம்’ என்னும் சொல்லில் ங்-ஐ அடுத்த ககரம் அதிர்ந்து ஒலிக்கிறது. போலிஷ் ‘ரெங்க’ என்பதில் ககரம் ‘பக்கம்’ என்பதில் உள்ளது போல வலிந்தே ஒலிக்க வேண்டும்.

இடம் நோக்கி மாறும் ஒலி

தமிழில் ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று. எழுத்து மாறுவதில்லை, அது நிற்கும் இடம் ஒலியை முடிவு செய்கிறது. போலிஷ் மொழியில் வலிந்த ஒலிக்கும் அதிர்ந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் இருப்பினும், சொல்லின் இறுதியில் இடமே வெல்கிறது. அங்கு நிற்கும் அதிர்வொலி தன் அதிர்வை இழந்துவிடும்.

ரொட்டி என்பது ‘ஹ்லெப்’. அதன் கடைசி எழுத்து பி, அதாவது ‘பலம்’ என்பதன் அதிர்வுள்ள பகரம். ஆனால் ஒலிப்பது ‘பல்’ என்பதன் வலிந்த பகரம். ‘ரொட்டியின்’ என்னும் பொருளில் இறுதியில் அகரம் சேர்ந்தால் ‘ஹ்லெப’ என்றாகி, பகரம் மீண்டும் அதிரும். பழைய தலைநகரான கிராக்கோவின் பெயரைப் போலந்தியர் ‘க்ரகுஃப்’ என்பர். வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘க்ரகொவ’ ஆகும். உள்ளே ஒளிந்திருந்த ஒகரமும் வகரமும் உருபு சேர்ந்தவுடன் வெளிப்படுகின்றன.

ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

வாசிப்பதற்கு எளிதான இம்மொழி, எழுதுவதற்குச் சற்றுக் கடினமானது. ‘உ’ ஒலிக்கு இரண்டு எழுத்துமுறைகள். ‘ஃஷ’ ஒலிக்கு இரண்டு. ‘ஹ’ ஒலிக்கு இரண்டு. ‘மொஃஷெ’ என்னும் ஒரே ஒலிக்கு இரு சொற்கள் உள்ளன. ஆர், இஸட் இட்டு எழுதினால் கடல். புள்ளி பெற்ற இஸட் இட்டு எழுதினால் ‘இயலும்’ அல்லது ‘ஒருவேளை’ என்று பொருள்.

‘புக்’ என்னும் ஒலிக்கோ மூன்று சொற்கள். ஒன்று கடவுள், ஒன்று புங்கை போல நிழல்தரும் ‘பீச்’ என்னும் காட்டு மரம், ஒன்று போலந்தின் கிழக்கு எல்லையில் ஓடும் ஆறு. மூன்றும் காதுக்கு ஒன்றே, கண்ணுக்கு மூன்று.

போலந்து மாணவர் இவற்றை மனப்பாடம் மட்டும் செய்து எழுதுவதில்லை. சொல்லின் உறவுகளை விசாரித்து அறிகின்றனர். ‘கடல்சார்ந்த’ என்பது ‘மொர்ஸ்கி’. அதில் ரகரம் வெளிப்படுவதால் கடலுக்கும் ஆர் எழுத்து உண்டு. ‘என்னால் இயலும்’ என்பது ‘மொகெ’; அங்கு ரகரம் இல்லை. மேசை ‘ஸ்துவ்’, மேசைகள் ‘ஸ்தொவி’. ஒகரம் வெளிப்படுவதால் சாய்கோடு பெற்ற ஓ எழுத வேண்டும். ஒரு காலத்தில் வேறு வேறாக இருந்த ஒலிகள் பேச்சில் ஒன்றாகிவிட்டன. எழுத்து அவற்றின் பழைய உருவைக் காத்து வைத்திருக்கிறது.

நம் மொழியில் ‘மரம்’, ‘மறம்’ என்பவற்றைப் பலர் ஒன்றுபோல ஒலிக்கின்றனர். ‘பனி’, ‘பணி’ ஆகியனவும் சிலர் நாவில் மயங்குகின்றன. ஒலி மயங்கியபோதும் எழுத்து மயங்காமையால் பொருள் காக்கப்படுகிறது. எழுத்துப்பிழையைத் திருத்தும்போது ஆசிரியர் காப்பது மதிப்பெண்ணை அன்று, அச்சொல்லின் வரலாற்றை.

ஒலிக்காக அடிபட்ட குழந்தைகள்

1795-ஆம் ஆண்டு முதல் 1918 வரை போலந்து என்னும் நாடு வரைபடத்தில் இல்லை. உருசியா, பிரசியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. பிரசியர் ஆண்ட பகுதியில் ‘வ்ஃஷெஶ்ஞ’ என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பள்ளியில் சமய பாடத்தையும் செருமானிய மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. 1901-ஆம் ஆண்டில் மாணவர்கள் அதற்கு உடன்பட மறுத்தனர். அவர்கள் பிரம்படி பெற்றனர். எதிர்த்துக் குரல் கொடுத்த பெற்றோர் சிலர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் சில ஆண்டுகளில் அப்போராட்டம் மேலும் பல பள்ளிகளுக்குப் பரவியது. நமக்கு நாவைச் சுழற்றும் ஒலிகளாகத் தோன்றுபவை, உங்கள் வயதுடைய அக்குழந்தைகளுக்குத் தாய் சொல்லித் தந்த வேண்டுதலின் ஒலிகள்.

வார்சாவில் 1867-இல் பிறந்த மேரி கியூரி அம்மையாரும் அந்நிலையில் வளர்ந்தவரே. அவரது பிறந்த குடும்பப் பெயர் ‘ஸ்க்வொதொஃப்ஸ்க’. 1898-இல் தாமும் கணவரும் கண்டறிந்த தனிமத்துக்கு, வரைபடத்தில் இல்லாத தம் நாட்டின் பெயரால் ‘பொலோனியம்’ எனப் பெயரிட்டார். தொழிலாளர் தலைவராக எழுந்து 1983-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றவரின் பெயர், பார்த்தபடி வாசித்தால் ‘வாலேசா’. முறைப்படி வாசித்தால் ‘வவென்ஸ’. இப்போது அப்பெயரில் குறுக்குக் கோடு எங்கே, வால் எங்கே என்று உங்களால் சொல்ல இயலும்.

இந்தியாவுக்கும் இவ்வொலிகள் அயலானவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது வீடிழந்த போலந்துக் குழந்தைகளுக்கு 1942-இல் குசராத்தின் பாலாச்சடியில் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி இடமளித்தார். கோலாப்பூரை அடுத்த வளிவடே முகாமில் ஏறத்தாழ 5000 பேர் தங்கினர். அவர்களின் பிள்ளைகளுக்குப் போலிஷ் மொழியிலேயே பள்ளிகள் நடந்தன. வார்சாவில் இன்று ‘நல்ல மகாராஜா’ பெயரில் ஒரு சதுக்கம் உள்ளது. ‘மகாராஜா’ என்பதன் ஜகரத்தைப் போலந்தியர், டி எழுத்தும் புள்ளி பெற்ற இஸட்டும் இட்டு எழுதுகின்றனர். நம் சொல்லைத் தம் எழுத்தில் பிழையின்றி ஒலிக்க அவர்கள் வழி கண்டுள்ளனர். அவ்வாறே, சென்னையில் வாழ்ந்து உமாதேவி எனப் பெயர் கொண்ட வாந்த திநொஃப்ஸ்க (1888–1971) என்னும் அம்மையார், திருக்குறளைப் போலிஷ் மொழியில் பெயர்த்தார்.

பிறர் மொழியைக் கரடுமுரடானது என்று சொல்லுமுன், அதன் விதியை ஒருமுறை கேட்டறிதல் வேண்டும். விதி தெரிந்தபின் அங்கு முரடு இல்லை. நமக்குப் பழகாத ஒழுங்கே உள்ளது. ஒருவரின் பெயரை அவர் சொல்லும் விதமாகவே சொல்ல முயல்வது, அவருக்கு நாம் செய்யும் முதல் மரியாதையாகும்.

பயிற்சி

1. பதின்மூன்று எழுத்துப் பெயர் ஒன்பது ஒலிகளாவது எவ்வாறு? விளக்குக.

2. எஸ், இஸட், கே, ஓ, குறுக்குக் கோடு பெற்ற எல், ஏ – இவ்வரிசையில் அமைந்த போலிஷ் சொல்லை ஒலித்துக் காட்டுக. (நீங்கள் இப்போது இருக்கும் இடத்தைக் குறிப்பது அது.)

3. ‘ரெங்க’, ‘ஃஸொம்ப்’ ஆகிய சொற்களில் மூக்குயிர் எவ்வாறு மாறுகிறது? இதற்கு இணையான இரண்டிரண்டு தமிழ்ச் சொற்களைத் தருக.

4. அரம் – அறம், கரை – கறை, மனம் – மணம்: பொருள் வேறுபாடு தோன்றத் தொடர்களில் அமைக்க.

5. உங்கள் வகுப்பில் வேறு தாய்மொழி உடைய மூவரின் பெயர்களை அவர்களே சொல்லக் கேட்டுத் தமிழில் எழுதுக. எழுத்தில் அடங்காத ஒலி எது என்பதைக் குறிப்பிட்டு, அதனை அவர் மனநிறைவு கொள்ளுமாறு ஒலித்துப் பழகுக.